சமாதானக் கூட்டமும் சமாதானப் படிப்பும்

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 28 வயது. எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு நான்கு வருடமாகத் திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பள்ளிகளில் சாதி மோதலில் சிக்கிக்கொள்ளும் பிள்ளைகளோடும் அவர்கள் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. சமாதானம், நீதி, நல்வாழ்வு மூன்றையும் சேர்த்து வெளிநாட்டில் முதுகலை படிக்கலாம் என்று தெரிந்ததிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. ஒரு ஏஜென்சியில் 32 லட்சம் ஆகும், வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாம் என்கிறார்கள். அப்பாவோ, "சமாதானம் படிக்கச் சீமைக்குப் போகணுமா? நம்ம தாசில்தார் ஆபீஸ்லயே வருஷத்துக்கு நாலு சமாதானக் கூட்டம் நடக்குதே" என்கிறார். இது உண்மையான படிப்புதானா? படித்தால் வேலை கிடைக்குமா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில பிள்ளைகள் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்தால் இரவில் தூக்கம் வருவதில்லை. கொஞ்ச காலம் விலகிப் போனால் சரியாகுமோ என்று தோன்றுகிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் அப்பாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். இந்தப் படிப்பின் முதல் வகுப்பே அந்தக் கேள்விதான்.

சமாதானக் கூட்டத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வருவார்கள். வருவாய்த் துறை அதிகாரி இருப்பார், டி.எஸ்.பி. இருப்பார். இனிமேல் பிரச்சினை வராது என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். மறுநாள் ஊர் அமைதியாக இருக்கும். அடி வாங்கிய பையனின் வீட்டில் அன்று இரவு என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போவதை எதிர்த்துத் தகராறு வந்தது. பேச்சுவார்த்தை தோற்றுப்போய், 2023 ஜூனில் கோயிலையே பூட்டி சீல் வைத்தார்கள். கைகலப்பு நின்றது, நிஜம்தான். ஆனால் உள்ளே போக உரிமை கேட்டவர்களுக்கு அன்று கிடைத்தது ஒரு பூட்டு.

நார்வேக்காரரான யோஹான் கால்டுங் 1959இல் ஆஸ்லோவில் சமாதான ஆய்வுக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். 1969இல் அவர் எழுதிய ஒரு கட்டுரைதான் இந்தத் துறைக்கே அடிக்கல் மாதிரி. அடிதடி இல்லாமல் இருப்பது ஒன்று; அடிதடிக்குக் காரணமான அநியாயம் இல்லாமல் இருப்பது வேறொன்று. முதலாவதை எதிர்மறை அமைதி என்றும் இரண்டாவதை நேர்மறை அமைதி என்றும் சொன்னார். யாரும் கை ஓங்காமலேயே ஒரு மனிதனின் வாழ்க்கையைச் சுருக்கிவிடும் சமூக ஏற்பாட்டையும் வன்முறை என்றுதான் சொல்ல வேண்டும் என்றார். அதற்கு அவர் வைத்த பெயர் கட்டமைப்பு வன்முறை. இவர் இளைஞராக இருந்தபோதே, ஆர்னே நேஸ் என்ற தத்துவ ஆசிரியரோடு சேர்ந்து காந்தியின் அரசியல் அறத்தைப் பற்றி 1955இல் புத்தகம் எழுதியவர். இந்தப் படிப்பு மேற்கிலிருந்து நமக்கு வருகிறது என்று நினைக்க வேண்டாம். அதன் வேரில் ஒன்று நம் மண்ணில் இருக்கிறது.

ஆகவே அப்பாவிடம் சொல்லுங்கள்: தாசில்தார் ஆபீசில் நடப்பது முதல் வகைச் சமாதானம், நான் படிக்கப் போவது இரண்டாவது வகை. அவருக்குப் புரியும். உங்களை இந்த வேலைக்கு விட்ட மனிதர் அல்லவா.

உண்மையான படிப்பா என்றால், ஆமாம். ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகம் 1971இலும் இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு 1973இலும் இதற்குத் தனித் துறை தொடங்கிவிட்டன. ஐ.நா. பொதுச்சபை 1980இல் தீர்மானம் போட்டு கோஸ்டா ரிகாவில் ஒரு சமாதானப் பல்கலைக்கழகத்தையே நிறுவியது. 1948இல் ராணுவத்தைக் கலைத்துவிட்ட நாடு அது. நம் நாட்டிலும் டெல்லி ஜாமியா மிலியாவில் இதற்கு முதுகலை இருக்கிறது. நம் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தில் காந்தியச் சிந்தனையோடு சேர்த்து இதைப் பல காலமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். வெளிநாட்டு விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு நாள் காந்திகிராமத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். பஸ் செலவோடு முடிந்துவிடும்.

இனி முக்கியமான விஷயம். சமாதானம், நீதி, நல்வாழ்வு என்று பெயரில் மூன்றும் இருக்கிறது என்பதற்காக ஒரு படிப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பெயர் ஒன்றாக இருக்கும், உள்ளே இருப்பது வேறாக இருக்கும். உப்சாலாவை எடுத்துக்கொள்ளுங்கள். உலகில் எங்கெங்கே ஆயுத மோதல் நடக்கிறது என்று ஆண்டுதோறும் கணக்கெடுப்பதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு வருடத்தில் குறைந்தது 25 பேர் செத்தால்தான் அது அவர்கள் பட்டியலில் ஒரு மோதலாக ஏறும். போரை ஆராய்கிறவர்களுக்கு அந்த அளவுகோல் தேவை, அதில் தவறு இல்லை. ஆனால் அரிவாளோடு வகுப்புத் தோழன் வீட்டுக்குப் போன பையன்களின் கதை அந்த அட்டவணையில் ஒருபோதும் வராது. அங்கே போனால் புள்ளியியலும் ஆய்வுமுறையும் அருமையாகக் கற்பீர்கள். உங்கள் கேள்வியை மட்டும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டியிருக்கும்.

உங்கள் கேள்வி பள்ளிக்கூடம். அதை விடாதீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் வட அயர்லாந்தின் தலைநகர் பெல்ஃபாஸ்டைத்தான் முதலில் பார்ப்பேன்.

காரணம் சொல்கிறேன். அங்கே கத்தோலிக்கர்களுக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் நடுவே முப்பது வருடம் நடந்த மோதலில் 3,500 பேருக்கு மேல் செத்தார்கள். 1998 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. உலகம் முழுக்க அதை வெற்றிக் கதையாகச் சொல்கிறார்கள், அதில் பெரும்பகுதி நியாயம்தான். ஆனால் கத்தோலிக்கத் தெருவுக்கும் புராட்டஸ்டண்ட் தெருவுக்கும் நடுவில் எழுப்பிய சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே அமைதிச் சுவர். சில சுவர்களில் உள்ள கதவை ராத்திரியானால் இன்றும் பூட்டுகிறார்கள். அதைவிடப் பெரிய சுவர் பள்ளிக்கூடம். பத்தில் ஒன்பது பிள்ளைகள் இன்றைக்கும் பெரும்பாலும் தங்கள் சமூகத்துப் பிள்ளைகள் மட்டும் படிக்கும் பள்ளிக்குத்தான் போகிறார்கள். 1981ஆம் வருடம் சிறையில் உண்ணாவிரதம் இருந்து பத்துப் பேர் செத்து, நகரமே கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வருடம் சில பெற்றோர்கள் சேர்ந்து இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்க லகன் காலேஜ் என்று ஒரு பள்ளியைத் திறந்தார்கள். முதல் நாள் வந்தது 28 பிள்ளைகள். அரசாங்கம் செய்யவில்லை, பாதிரியார்கள் செய்யவில்லை, அப்பா அம்மாக்கள் செய்தார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நெகிழ்ந்துவிடும். அதே பாணியில் இன்று எழுபதுக்கும் மேல் பள்ளிகள் இருக்கின்றன. அப்படியும் அவற்றில் படிப்பவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் கூட இல்லை.

இப்போது உங்கள் ஊரை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே பள்ளி பிரிந்து கிடக்கிறது. பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்தால் பகை தீரும் என்று நம்பிப் பாடுபடுகிறார்கள். இங்கே பிள்ளைகள் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். கையில் கட்டிய கயிற்றின் நிறம் வேறு. ஒன்றாக உட்கார வைத்தால் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு அவர்களிடம் இல்லாத நாலு வருட அனுபவம் உங்களிடம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், பொட்டு இவற்றுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிப் பெயர்களை நீக்குவது என்று நிறையப் பரிந்துரைகள் அதில் இருக்கின்றன. அவற்றில் எது ஒரு தலைமையாசிரியரால் திங்கட்கிழமை காலையில் செய்ய முடிந்தது, எது காகிதத்திலேயே நிற்கும் என்று களத்தில் இருந்து சொல்லக்கூடியவர் நீங்கள். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் மோதல் மாற்றமும் சமூக நீதியும் என்ற ஒரு வருட முதுகலை இருக்கிறது. பிரிந்த சமூகங்களின் பள்ளிகளை ஒன்றோடொன்று இணைப்பது பற்றி ஆராயத் தனி மையமும் அங்கேயே இருக்கிறது. இந்த ஆய்வேட்டை எழுத அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவதாக, அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து ஹாரிசன்பர்கில் ஈஸ்டர்ன் மெனனைட் பல்கலைக்கழகம். சின்ன இடம், தரவரிசைப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. ஆனால் நீங்கள் எழுதிய மூன்று சொற்களையும் உண்மையிலேயே ஒரே கூரைக்கு அடியில் கொண்டுவந்த இடங்களில் அது ஒன்று. மனக்காயத்தை ஆற்றுவது பற்றியும், ஒரு குற்றம் நடந்தால் தண்டனையோடு நிறுத்தாமல் யாருக்கு என்ன காயம், அதை ஆற்றும் பொறுப்பு யாருடையது என்று கேட்கும் நீதிமுறை பற்றியும் அங்கே நெடுநாளாகக் கற்பிக்கிறார்கள். இந்த நீதிமுறையின் கதை 1974இல் கனடாவின் எல்மைரா என்ற சிற்றூரில் தொடங்குகிறது. குடித்துவிட்டு 22 இடங்களில் கண்ணாடியையும் காரையும் உடைத்த இரண்டு இளைஞர்களை, மார்க் யான்ட்ஸி என்ற நன்னடத்தை அதிகாரி, ஜெயிலுக்கு அனுப்பச் சொல்லாமல், வீடு வீடாக அழைத்துப்போய் உடைத்தவர்களையும் இழந்தவர்களையும் நேரில் பேச வைத்தார்.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? அதையே நம் ஊருக்கு அப்படியே கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். எல்மைராவில் உடைத்தவனுக்குப் பின்னால் ஒரு ஊரே நிற்கவில்லை. நம் ஊரில் அடித்தவன் பின்னால் நிலமும் ஆளும் நிற்கும். அடி வாங்கியவனின் அப்பா அடுத்த நாள் அதே ஆள் தோட்டத்துக்குத்தான் வேலைக்குப் போக வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் அந்தப் பையனை எதிரே உட்கார வைத்து "மன்னிச்சிடுப்பா" என்று சொல்ல வைத்தால், அது உங்கள் அப்பா சொன்ன தாசில்தார் கூட்டத்தின் வெளிநாட்டுப் பதிப்புதான். வெளியே கற்றதை இப்படி உரசிப் பார்க்கும் திறமைக்காகத்தான் உங்களைப் போன்றவர்கள் அங்கே போக வேண்டும் என்கிறேன்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்தான் லைபீரியாவின் லேமா போவீ. மனக்காயப்பட்ட பிள்ளைகளோடும், சிறுவயதில் துப்பாக்கி பிடிக்க வைக்கப்பட்டவர்களோடும் வேலை பார்த்த சமூகப் பணியாளர். 2003இல் கிறிஸ்தவப் பெண்களையும் முஸ்லிம் பெண்களையும் ஒன்று சேர்த்து, வெள்ளை உடையில் வெயிலிலும் மழையிலும் உட்கார வைத்துப் போரை முடிக்கச் சொல்லிப் போராடினார். 2007இல் முதுகலை முடித்தார். 2011இல் நோபல் பரிசு. நோபலை உங்களுக்கு ஆசை காட்டுவதற்காகச் சொல்லவில்லை. வருடங்களின் வரிசையைப் பாருங்கள். வேலை முதலில், படிப்பு பிறகு. நீங்களும் அந்த வரிசையில்தான் வருகிறீர்கள். 22 வயதில் நேராகக் கல்லூரியிலிருந்து வருகிறவர்களைவிட இந்தப் படிப்பு உங்களுக்குத்தான் அதிகம் தரும்.

இப்போது தூக்கம். கடிதத்தில் கடைசி மூன்று வரியில் அதை எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் படித்தது அதைத்தான்.

நான் 2006இல் பிரிட்டனில் இந்தப் படிப்பில் சேர்ந்தேன். நானும் கொஞ்சம் மூச்சு வாங்கத்தான் போனேன். முதல் பருவத்தில் வாரம் ஒரு நாடு. ருவாண்டா, போஸ்னியா, கம்போடியா, அப்புறம் இலங்கை. அங்கே அப்போது போர் மறுபடி மூண்டிருந்தது. பகலில் வகுப்பில் வாதாடுவேன், ராத்திரி விளக்கை அணைக்கப் பயந்து உட்கார்ந்திருப்பேன். இந்தப் படிப்பு ஓய்வு இல்லை, தங்கை. மற்றவர்களின் துயரத்தை இன்னும் நெருக்கமாக, தேதியோடும் எண்ணிக்கையோடும் படிக்கிற படிப்பு. தூக்கம் வராமல் போகிறவருக்கு அங்கேயும் வராது. ஊரும் சோறும் மொழியும் இல்லாத இடத்தில் அது இன்னும் கஷ்டம். ஆகவே விண்ணப்பத்துக்கு முன்னால் தூக்கத்தைக் கவனியுங்கள். உங்கள் நிறுவனத்தில் வழக்குகளைப் பற்றி உங்களோடு உட்கார்ந்து பேசும் மூத்தவர் ஒருவர் இருக்கிறாரா? இல்லையென்றால் கேளுங்கள், அது உங்கள் உரிமை. மாவட்ட மனநலத் திட்டத்தில் இலவசமாகவே பேசலாம். ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே போனால் தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணில், அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸில், தமிழிலேயே பேசுவார்கள்.

நல்வாழ்வு என்ற சொல்லைப் படிப்பின் பெயரில் மூன்றாவதாக வைத்திருக்கிறார்களே, அது அலங்காரம் இல்லை. மட்டக்களப்பில் 1996இல், போர் நடுவே, வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளும் ஒன்றாக வந்து களிமண் பிசைவார்கள், படம் வரைவார்கள், கதை கட்டுவார்கள். யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் ஒருவரை மட்டும் அல்லாமல் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது, அந்தக் கூட்டுக் காயத்தை மாத்திரையால் மட்டும் ஆற்ற முடியாது என்று பல ஆண்டுகளாக எழுதி வந்திருக்கிறார். ஆங்கிலத்தில் படிப்பதற்கு முன்னால் தமிழ் பேசும் நம் பக்கத்து மனிதர்கள் செய்ததைத் தேடிப் படியுங்கள்.

வகுப்பில் நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் அவரவர் ஊர் மோதலைப் பற்றிப் பேச வேண்டும். நான் சாதியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். பெல்ஃபாஸ்டிலிருந்து வந்த ஒரு மாணவர் எல்லாம் கேட்டுவிட்டு, இதில் நீ எந்தப் பக்கம் என்றார். நடுவில் என்றேன். எங்கள் ஊரில் நடுவில் பிறந்த யாரையும் நான் பார்த்ததில்லையே என்றார். எங்கள் பாட்டி வீட்டுத் திண்ணையில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த அலுமினிய டம்ளர் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. என் ஆய்வேட்டை அந்த டம்ளரிலிருந்துதான் எழுதினேன். உங்களிடமும் இந்தக் கேள்வி வரும். நீங்கள் எந்தப் பக்கத்தில் பிறந்திருந்தாலும் பதிலை யோசித்து வையுங்கள்.

சரி, பணம். வீட்டுப் பத்திரத்தை வைக்கவே வைக்காதீர்கள். 32 லட்சம், 11 சதவீத வட்டி, பத்து வருடம் என்று வைத்தால் மாதம் சுமார் 44,000 ரூபாய் கட்ட வேண்டும். திரும்பி வந்து எந்தப் பிள்ளைகளுக்காகப் படித்தீர்களோ அவர்களிடம் போக முடியாது. தவணை எங்கே கட்ட முடியுமோ அங்கே போவீர்கள். ஏஜென்சிகளில் பலவற்றுக்குக் கல்லூரியிடமிருந்து கமிஷன் வருகிறது. உதவித்தொகை பற்றி அவர்கள் பேசவில்லை என்றால் காரணம் அதுவாக இருக்கலாம்.

உங்களுக்குப் பொருந்தும் உதவித்தொகைகள் இருக்கின்றன. பிரிட்டிஷ் அரசின் செவனிங் ஒரு வருட முதுகலைக்குக் கட்டணம், தங்கும் செலவு, விமானம் எல்லாம் தரும். இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். முடித்தபின் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். உங்களுக்கு அது தடையே இல்லை. பெல்ஃபாஸ்டுக்கு இதுதான் வழி. ரோட்டரி சமாதான உதவித்தொகை முழுச் செலவையும் ஏற்கும். மூன்று வருட அனுபவம் கேட்கிறார்கள். பிராட்ஃபோர்டு, உப்சாலா, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, டோக்கியோவின் சர்வதேசக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் ஆகியவை அதன் மையங்களில் சில. ரோட்டரி உறுப்பினர்களும் அவர்கள் பிள்ளைகளும் அதற்கு விண்ணப்பிக்கவே முடியாது, தெரியுமா? ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, ஆனால் விசாவுக்கு ஒரு வருடச் செலவாக ஏறக்குறைய 12,000 யூரோவை வங்கியில் காட்ட வேண்டும். நார்வே ஒருகாலத்தில் இலவசம். 2023 முதல் நமக்குக் கட்டணம் உண்டு. பழைய யூடியூப் வீடியோவை நம்ப வேண்டாம்.

நீங்கள் எந்தப் பிரிவு என்று எழுதவில்லை. பட்டியல் சாதி என்றால் மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையும் தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை உதவியும் இருக்கின்றன. மத்திய அரசுத் திட்டத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 2022இல் விதியை மாற்றி, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு உதவி கிடையாது என்று போட்டார்கள். சாதியை ஆராயப் போகிறவரை அது நேராகத் தாக்கும். இது அநியாயமான விதி என்பதே என் கருத்து. விண்ணப்பிக்கும் வருடத்தின் விதிகளை வரி விடாமல் படியுங்கள்.

வேலை பற்றிப் பொய்யான நம்பிக்கை தரமாட்டேன். 2025இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்டு இழுத்து மூடப்பட்டது. அதனால் உலகம் முழுக்க இந்தத் துறையில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். நம் நாட்டிலும் 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்திய பிறகு, ஒரு நிறுவனம் வாங்கிய பணத்தை இன்னொரு சிறு நிறுவனத்துக்குக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதத்துக்கு மேல் எடுக்கவும் முடியாது. ஐ.நா.வில் வேலை என்று கனவு மட்டும் வைத்துப் போகிறவர்கள் ஏமாறுகிறார்கள். உங்களுக்கு வேறு வழிகள் தெரிகின்றன: பள்ளிக் கல்வித் துறைக்கு ஆசிரியர் பயிற்சி, குழந்தைகள் நல அமைப்புகள், கல்லூரியில் சமூகப்பணி கற்பிப்பது. கடைசியாகச் சொன்னதற்கு நெட் தேர்வை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். எம்.எஸ்.டபிள்யூ. அதற்குப் போதும்.

விண்ணப்பக் கட்டுரையில், சின்ன வயதிலிருந்தே எனக்கு அமைதி பிடிக்கும் என்று ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் செய்த ஒரு வேலையை, அது எங்கே தோற்றது என்பதோடு சேர்த்து எழுதுங்கள். ஒன்றே ஒன்று: அந்தப் பிள்ளைகளை அடையாளம் தெரிகிற மாதிரி எழுத வேண்டாம். ஊர், வகுப்பு, காயம் எதுவும் வேண்டாம். தேர்வுக் குழுவின் கண்ணில் நீர் வரவழைக்க அவர்கள் தங்கள் கதையை உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன யோசித்தீர்கள் என்பது உங்களுடையது, அதை எழுதுங்கள்.

அப்பா சொன்ன அந்த நாலு கூட்டங்களில் ஏதாவது ஒன்றுக்கு அவர் போயிருந்தால், அங்கே யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் பேசவே இல்லை என்று கேட்டு எழுதி வையுங்கள். செவனிங் வழக்கமாக ஆகஸ்டில் திறக்கும். அதற்கு முன் கட்டுரையின் முதல் வரைவை இதே முகவரிக்கு அனுப்புங்கள், படித்துத் திருத்தித் தருகிறேன். தூக்கம் எப்படி இருக்கிறது என்றும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா